சிவப்பில் நின்ற குழாய்

சாம்சன் கடம்பத்தூர்க்காரர். கட்டடங்களுக்குக் குழாய் போடும் சின்ன காண்ட்ராக்டர். அரசாங்க வேலையில் யார் தப்பு செய்தாலும் பழி கடைசியில் குழாய்க்காரன் தலையில்தான் விழும். ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், பீமை உடைத்தவன் என்று பெயரெடுத்து, ஒரு வருஷம் வேலையில்லாமல் கிடந்தார். இன்னொரு முறை அப்படி ஆனால் அவரை யாரும் சேர்க்கமாட்டார்கள்.

2009இல் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு அரசு மருத்துவமனை வேலை கிடைத்தது. அங்கே முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டருக்குள் முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். சைட்டில் நடந்த வேலையை ஜெபா என்ற பெண் வாராவாரம் அளந்து அதில் ஏற்றுவாள். ஒன்றோடொன்று முட்டினால் அந்த இடம் சிவப்பாகும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே சண்டையைத் தீர்த்துக்கொள்ளலாமாம். சாம்சனுக்கோ அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பயம்.

பயப்படாமல் என்ன செய்வார்? சைட்டுக்கு வந்த அரசுப் பொறியாளர், கழிவறை ஈசானிய மூலையில் வருகிறதே, வாஸ்துப்படி ஆகாதே என்று முகம் சுளித்து, மேற்கே தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு படித்தால் என்ன, அந்த மூலை என்றால் அவருக்குப் பயம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் சாம்சனும் மறுபேச்சு பேசாமல் குழாயைத் தள்ளிப் போட்டார்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் வாரம், கூட்டத்தில் ஜெபா படத்தைத் திருப்பினாள். மேலே ஏறும் குழாய் வரப்போகும் பீமின் நடுவில் போய் முட்டிச் சிவப்பாக நின்றது. அது சாம்சன் தள்ளிப் போட்ட குழாய்.

இவன் இஷ்டத்துக்குக் குழாய் போட்டிருக்கிறான், இன்றைக்கே ஆளை மாற்றுகிறேன் என்று குதித்தார் பெரிய காண்ட்ராக்டர் அப்பாவு. சாம்சன் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் டீ கிளாஸைப் பார்த்தார். பாழாய்ப்போன மனுஷன், வாயைத் திறந்தால் என்ன?

கடைசியில் சாம்சனே வாயைத் திறந்தார். "சார், அந்த மூலையில வாணாம், தள்ளிப் போடுன்னு நீங்கதான சொன்னீங்க."

"எழுதி வாங்கினியா?"

"உங்ககிட்ட எழுதிக் குடுங்கன்னு கேக்கற வாயி எங்களுக்கு ஏது சார்?"

அப்பாவு தரையைப் பார்த்தார். பொறியாளர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஜெபா பக்கம் திரும்பினார்.

"மாத்தச் சொன்னது நான்தான்னு அதுலயே போடும்மா. கழிவறை பிளான்ல இருந்த இடத்துக்கே போகட்டும்."

ஜெபா அதைக் குறித்துவிட்டு, படத்தில் குழாயைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். சிவப்பு போய்விட்டது. கான்கிரீட் இன்னும் விழாததால் உடைக்க எதுவும் இல்லை. நாளையிலிருந்து ஆட்களோடு வா என்று அப்பாவு சாதாரணமாகச் சொன்னார்.

சரிங்க என்று தலையாட்டிவிட்டு சாம்சன் வெளியே வந்தார். சிமென்ட் கொட்டகைக்குப் பின்னால் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற நாஷ்டா முழுவதையும் வாந்தியெடுத்தார்.