ஸ்லைட்டை விட்ட கை

யுத்த காலத்தில் கொழும்புத் துறைமுகக் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். கொட்டாஞ்சேனையில் நடந்த பயிற்சியில் என் பக்கத்தில் ஒருவர் நின்றார். வெள்ளவத்தை நூல் மில்லில் வேலை செய்தவர். காதுக்கு மேல் மயிரில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். கதவோ பிளேன்டீக் கோப்பையோ, எதைக் கையிலிருந்து விட்டாலும் ஐந்து விரலையும் விரித்துவிடுவார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பிஸ்டல் பற்றிய ஆங்கிலக் குறிப்பு முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அதன் மேலே நகரும் இரும்பு மூடியான ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்த பிறகு, அரசாங்கச் சாமான் உடைந்துவிடக் கூடாதே என்று பிடித்தபடியே மெல்ல முன்னுக்குக் கொண்டுபோவேன். பயிற்சிக்குப் போட்ட வெற்றுத் தோட்டா சிக்கி, ஸ்லைட் பாதியில் நின்றுவிடும். இரண்டு தரம் அப்படி ஆயிற்று. மூன்றாம் தரமும் மூடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் சார்ஜன்ட். அப்பாவோ எனக்கு வேலை கிடைத்துவிட்டதென்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

"மாஸ்டர், ஏன் அதைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறீங்கள்? முதல் நாள் பள்ளிக்கூடம் போற பிள்ளையே அது?" என்றார் அவர்.

"உடைஞ்சால்?"

"உள்ளுக்க ஸ்பிரிங் இருக்கு. முழுக்க இழுங்கோ, பிறகு கையை எடுங்கோ. மிச்சத்தை அது பாக்கும்."

சார்ஜன்ட் வந்து நின்றார். பிஸ்டலை மண்மூட்டைப் பக்கம் நீட்டி, விசையில் விரல் படாமல், ஸ்லைட்டை முழுக்க இழுத்து, கையை எடுத்தேன். 'டக்'கென்று மூடியது. சார்ஜன்ட் தலையாட்டினார்.

பக்கத்தில் நின்ற மில்காரரைப் பார்த்தேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தொடையோரம் ஐந்து விரலும் விரிந்திருந்தன. அவ்வளவு நேரமும் அந்தக் கையை எனக்காக இறுக்கிப் பொத்தி வைத்திருந்தாரோ என்னவோ.