மூன்றாம் குவியல் இருந்த இடம்

கண்ணுகளா, மண்டியில் அப்பாவுக்கு நாற்காலி எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டியில் நான் முதலில் மூட்டைதான் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், டேட்டாபேஸுக்கு புரோகிராம் எழுதும் மொழியைப் படித்தேன். பத்தாவதோடு நின்றவனுக்கு அது லேசில் ஏறவில்லை. இருந்தாலும், ஏல விலைச் சீட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன்.

“ஒரு ஏலம் ஓட்டிக் காட்டப்பா. சீட்டு வந்துச்சுன்னா நாற்காலி உனக்கு. வரலீன்னா மறுபடியும் மூட்டைதான்” என்றார்.

எங்கள் மண்டியில் ஒவ்வொரு விவசாயியின் தேங்காயும் களத்தில் தனிக் குவியல்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இத்தனையையும் புரோகிராமுக்குள் ஒன்றாக வைக்க அந்த மொழியில் மூன்று வகை உண்டு.

‘வேரே’ என்பது முட்டை அட்டை மாதிரி. அதிகபட்சம் இத்தனை குழி என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நடுவிலிருந்து ஒன்றை மட்டும் நீக்கவும் விடாது. சீசனில் எங்கள் குவியல் ரோடு வரைக்கும் போகும். அது ஆகாது. ‘அசோசியேட்டிவ் அரே’ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். விவசாயி பெயரை வைத்துப் பார்த்தேன். ஒருவரே இரண்டு குவியல் போட்டால், இரண்டாவது வந்து முதலாவதை அழித்துவிட்டது. பெயருக்குப் பதில் குவியல் எண்ணை வைத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. ‘நெஸ்டட் டேபிள்’ எங்கள் களம் மாதிரியேதான். சேர்த்துக்கொண்டே போகலாம், நடுவில் ஒன்றை எடுத்தும் விடலாம். அதையே வைத்தேன்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில், ஏலம் முடிந்ததும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஓர் அம்மா வந்து நின்றார்.

“ஏனுங்க தம்பி, மூணாம் நம்பரு என்னுதுங்க. இந்த வெலைக்குக் கட்டாதுங்க. எடுத்துட்டுப் போறேனுங்க.”

விலை பிடிக்காவிட்டால் குவியலைத் திருப்பி எடுத்துப் போவது எங்கள் வழக்கம். மற்றவற்றின் எண் மாறாது. அந்த இடம் மட்டும் வெறுமனே கிடக்கும். அந்த அம்மா குவியலை ஏற்றிக்கொண்டு போனதும், நானும் புரோகிராமில் மூன்றை நீக்கிவிட்டுச் சீட்டு எடுக்கப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு வரி வந்தது. அப்புறம் ‘தகவல் இல்லை’ என்று நின்றுவிட்டது.

“ஏனுங்க, பொட்டி தூங்கிப்போச்சாட்ட இருக்குது. ஒரு சொம்புத் தண்ணி தெளிச்சு எழுப்புங்க!” என்றார் லாரியோடு காத்திருந்த வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மூட்டைகள் இருந்த பக்கம் பார்த்தார். எனக்கு அப்போதே முதுகு வலித்தது.

களத்தைப் பார்த்தேன். ஆட்கள் இரண்டாம் குவியலை லாரியில் ஏற்றிவிட்டு, காலி இடத்தைத் தாண்டி நாலாவதுக்குப் போய்விட்டார்கள். மூன்று எங்கே என்று யாரும் தேடி நிற்கவில்லை. என் புரோகிராம்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போய், இல்லாத குவியலில் முட்டி நின்றது.

முதலில் இருப்பது எது, அதற்கு அடுத்து இருப்பது எது என்று கேட்டுக் கேட்டுப் போகவும் அந்த மொழியில் வழி உண்டு. அப்படியே மாற்றி எழுதினேன். பொத்தானை அழுத்தினேன்.

ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று கடைசிக் குவியல் வரை சீட்டு வந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

முதலாளி சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் களத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏப்பா, நாளைக்கு ஊட்டுல இருந்து ஒரு தலகாணி கொண்டாந்து அந்த நாற்காலியில போட்டுக்க. முதுகு பத்தரம்.”