புல்லக்காவும் கழல மறுத்த புல்லியும்

எல்லாரும் அவளைப் புல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி மைதானத்திலும் ஆஸ்பத்திரியைச் சுற்றியும் புல் வெட்டுவது அவள் வேலை. அதற்கென்று ஒரு சின்ன டிராக்டர் வைத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்த ஒரு வண்டியை வைத்துப் பிழைத்தவர்கள். அக்கா ஓட்டுவாள். தங்கை ஓரங்களைச் செதுக்கிக் குப்பையை வாருவாள். வண்டி மக்கர் பண்ணினால் இருவரும் சேர்ந்துதான் அதன் அடியில் படுப்பார்கள். “புல்லு வெட்டுற வண்டிக்குப் புல்லி, புல்லியக் கழட்டப் புல்லரு, எல்லாத்துக்கும் மேல ஒரு புல்லக்கா” என்று தங்கை கேலி பேசிக்கொண்டே டார்ச்சைப் பிடிப்பாள்.

அந்தத் தங்கைக்கு நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் ஆனது. மனைவியை இழந்த ஒரு பஸ் கண்டக்டர், தன்மையான மனிதர், வீட்டுக்கே வந்து கேட்டார். தங்கைதான் தயங்கினாள்.

“நான் போயிட்டா உனக்கு யாரு இருக்கா?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ கெளம்புடி.”

அனுப்பி வைத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் மாலையில் கதவைத் திறக்கும்போது, காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதுதான் பழகவில்லை. சில நாட்கள் வண்டியை நிறுத்திய பிறகும் ஷெட்டிலேயே உட்கார்ந்திருப்பாள்.

மழை தொடங்கிப் புல் மளமளவென்று ஏறிய நேரம் பார்த்து, டிராக்டரின் கிளட்ச் புல்லி கீச்சிட ஆரம்பித்தது. எஞ்சினின் சுழற்சியை வெட்டும் கத்திகளுக்குக் கொண்டுபோவது அதுதான். உள்ளே பேரிங் போய்விட்டது. புதுப் புல்லி ஒன்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

“வண்டிங்க வரிசையா நிக்குதுக்கா. அடுத்த வாரக் கடைசில பாக்கலாம்” என்றார் மெக்கானிக்.

அதற்குள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி வந்துவிடும். தானே கழற்றிவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்டரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டைகள் கொடுத்து நிறுத்தினாள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு சாக்கை விரித்து அடியில் நுழைந்தாள்.

நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றியது. இதற்குத்தான் இரண்டாவது ஆள் வேண்டும். மேலே ஒருவர் எஞ்சினைச் சுற்றவிடாமல் பிடித்தால் கீழே இருப்பவர் போல்ட்டைத் தளர்த்தலாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். கூப்பிட்டு என்ன சொல்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு நைலான் கயிற்றை உள்ளே திணித்தாள். திருகியதும் பிஸ்டன் மேலே வந்து கயிற்றில் முட்டி, எஞ்சின் சுற்றாமல் நின்றது. ஸ்பேனருக்கு இரும்புக் குழாயை நீட்டி ஒரு இழு இழுத்தாள். போல்ட் வந்துவிட்டது.

புல்லி வரவில்லை. துருப்பிடித்து எஞ்சின் தண்டோடு ஒட்டியிருந்தது. எண்ணெய் விட்டாள், சுற்றிலும் தட்டினாள். தண்டின் மரை கெடாமலிருக்க ஒரு சின்ன போல்ட்டைத் துளையில் விட்டு, புல்லியைக் கவ்வி இழுக்கும் மூன்று கால் புல்லரை மாட்டி முறுக்கினாள். புல்லரின் ஒரு கால் வழுக்கி அவள் முழங்கை சிராய்த்தது. திரும்ப மாட்டினாள். திரும்பவும் வழுக்கியது.

“வர்றியா, மாட்டியா?” என்று புல்லியைப் பார்த்துக் கேட்டாள். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தன் குரல் கரகரத்திருந்ததைக் கேட்டு, அப்படியே கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தாள்.

பிறகு நிதானமாகப் புல்லரின் மூன்று கால்களையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டி, முறுக்கும் மட்டும் முறுக்கி, இன்னும் எண்ணெய் விட்டு, ஊறி அதுவாகக் கழலட்டும் என்று கீழே ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. தங்கை.

“என்னக்கா பண்ற?”

“ஞாயித்துக்கிழமைதானே, சும்மா இருக்கேன்.”

“சாப்பிட்டியா?”

“இப்பதான் தட்டைப் போட்டேன்.”

அப்போது ஷெட்டில் டமாரென்று ஒரு சத்தம்.

“அக்கா, அது புல்லி விழுந்த சத்தம்தானே?”

“ஆமா.”

“போல்ட்டக் கழட்டையில எஞ்சினை யாரு பிடிச்சா?”

“கயித்த உள்ள விட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல.”

“ஒரு போல்ட்டப் பிடிக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவ?”

“வருவேன்” என்றாள் தங்கை. “நீ என்னை அனுப்பிட்டு நிம்மதியா இருக்கேன்னு நெனச்சேன். எதுவுமே சொல்லமாட்டேங்குற.”

புல்லக்கா தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தாள். “வீடு ரொம்ப அமைதியா இருக்குடி” என்றாள். போனை இருவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் கண்டக்டர் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

அன்று மாலையே புதுப் புல்லியை மாட்டினாள். மறுநாள் மைதானத்தில் பாதி வெட்டியபோது மழை பிடித்துக்கொண்டது. டிராக்டரைப் பார்வையாளர் மேடையின் கூரைக்கடியில் நிறுத்தி, மழை விடும்வரை தனியே உட்கார்ந்திருந்தாள். விட்டதும் வண்டியைக் கிளப்பி மீதியை வெட்டப் போனாள்.