மணல் மேசையில் இல்லாத பாலம்

அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு மணல்காரர் என்று பெயர். பெரிய மேசையில் ஈர மணலைக் கொட்டி, யானைப்படைக் காலம் முதல் டாங்கிக் காலம் வரை எந்தப் போரைப் பாடம் நடத்தினாலும், அதன் மலையையும் ஆற்றையும் அமைத்துக் கொடுப்பது அவருடைய இருபது வருட வேலை. குச்சியால் கொடிகளை நகர்த்தி வியூகம் பேசும் ஆசிரியர்களை ஏட்டுச் சுரைக்காய்கள் என்பார், அவர்கள் காதில் விழும்படியே.

அன்றைய பாடம், அவரே சிப்பாயாகப் போன போர். புதிதாக வந்த மேஜர் வரைபடத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம படை பின்வாங்கினதே இந்தப் பாலம் வழியாத்தான். நீங்க வைக்கவே இல்லையே?"

"வைக்க மாட்டேன்."

"உமக்கு வரைபடம் பார்க்கத் தெரியுமா, தெரியாதா?"

மேஜர் தன் தீப்பெட்டியை எடுத்து ஆற்றின் மேல் பாலமாக வைத்தார். மணல்காரர் அதை நசுக்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

"யோவ், பாலம் எங்கேய்யா?" என்று கத்தினார் மேஜர்.

"இதே வரைபடத்தை வெச்சுக்கிட்டு, அன்னைக்குக் கரையில நின்னு நாங்க நாப்பது பேரும் அதைத்தான் சார் கேட்டோம். நீச்சல் தெரிஞ்ச ஏழு பேருதான் வீடு வந்து சேர்ந்தோம்."