சொந்தக்காரன் இல்லாத மான்

பறவைகளைப் படம் எடுக்கும் நண்பர்களோடு நார்வேயின் வடகோடிக்குப் போகிறேன், அங்கே பனிக்குள் மான்கள் மேயுமாம் என்று சொன்னபோது, அப்பா செலவைக் கேட்கவில்லை, குளிரையும் கேட்கவில்லை. "அது யாரு மானு?" என்றார்.

"மானுக்கு ஏதுப்பா ஆளு? அது பாட்டுக்குக் காட்டுல திரியுறது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப ஒண்ணு பிடிச்சுட்டு வா தாயி. போட்டோவத்தான் சொல்றேன். ஹால்ல மாட்டணும்."

அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் இடுப்பு விட்டுப்போகிற வரைக்கும் பிறத்தியார் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர். சொந்தமாக ஒரு குட்டிகூட வைத்திருந்தது கிடையாது. இப்போது கோச்சடையில் என்னோடு இருக்கிறார். நான் கல்லூரியில் வேதியியல் நடத்திவிட்டு, சனி ஞாயிறு கேமராவைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைகளில் கிடக்கிறவள். எடுத்து வருவதையெல்லாம் அவரிடம் காட்டுவேன். அழகர்கோயில் மலைப்பக்கம் எடுத்த புள்ளிமானைக் காட்டியபோது அவர் கையை ஆட்டிவிட்டார். "அதுக்கு பாரஸ்ட்காரன் இருக்கான். அவன் காட்டுல ஆடு நொழஞ்சதுக்கு என்னைய நாள் பூரா வெயில்ல உக்கார வச்சான்ல."

"கண்மாய்ல எறங்குற நாரைக்கு எவன் இருக்கான்?" என்று மடக்கினேன்.

"பறக்குறத விடு. மேயுற உசுரச் சொல்லு. மேயுற உசுருக்கு எவனாச்சும் ஒருத்தன் எனக்குச் சொந்தம்னு வந்து நிப்பான்."

மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான். ஆனால் அவர் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மனிதர் இத்தனை நாள் வாய் திறந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான், இதையும் கொண்டுவரவில்லை என்றால் நான் என்ன மகள் என்று தோன்றியது.

மார்ச் கடைசி. நம் ஊரில் அப்போதே தார் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிடும். அங்கே வசந்தம் தொடங்கிவிட்டது என்றார்கள். எங்கே தொடங்கியது என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் கோடு கிடையாது. தூரத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தால் அது கல்லா, புதரா, மிருகமா என்று தெரியாமல் பேந்தப் பேந்த முழித்தேன். பக்கத்தில் இருக்கிறது என்று நடந்தால் தொலைவில் இருந்தது. மதியமா, பொழுது சாய்கிற நேரமா என்பதே குழம்பியது. பேட்டரியை உள்சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிப் போட்டால் நாலு படம் எடுப்பதற்குள் செத்துப்போகும். கேமரா சொன்னபடி எடுத்தால் பனி சாம்பல் நிறத்தில் விழுந்தது. சரி என்று வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லாம் கரைந்து வெறும் வெள்ளைத் தாளாக வந்தது. இத்தனை வருஷம் கேமரா பிடித்ததெல்லாம் பொய்யோ என்று மண்டை காய்ந்தது.

அப்புறம் ஒருநாள் மான்கள் வந்தன. பனிமான்கள். கூட்டமாக வந்து, முன்னங்காலால் பனியைப் பறித்து, அடியில் கிடந்த பாசி மாதிரி எதையோ மேய்ந்தன. பனியில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தேன். ஒன்று தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. கொம்பில் பனி, மூக்கில் பனி, பின்னால் ஒன்றுமே இல்லாத வெள்ளை. அப்பா கேட்டது கிடைத்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காதின் ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தது. முள்ளில் கிழிந்ததில்லை. கத்தியால் வெட்டியது.

அந்த வெட்டை எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் எவர் ஆடு என்று அடையாளம் தெரிவதற்குக் காதில் அப்படித்தான் வெட்டுவார்கள். சின்ன வயதில் நான் குட்டியின் தலையைப் பிடித்துக்கொள்ள, அப்பா முதலாளி வீட்டு அடையாளத்தை வெட்டுவார். எடுத்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். காது தெரிந்த மான் எல்லாவற்றுக்கும் வெட்டு இருந்தது.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான். இந்தப் பக்கம் ஆள் இல்லாத பனிமானே கிடையாது, எல்லாம் இங்கே உள்ள பழங்குடிக் குடும்பங்கள் வளர்க்கிறவை, காது வெட்டு ஆளுக்கு ஒரு அடையாளம் என்று.

"அப்புறம் என்ன எழவுக்கு வனவிலங்குப் பயணம் என்று விளம்பரம் போட்டீர்கள்?" எழவை மட்டும் தமிழில் சொன்னேன்.

"நரி இருக்கிறதே, வெள்ளைக் கவுதாரி இருக்கிறதே" என்றான்.

நரியையும் கவுதாரியையும் வைத்து நான் என்ன செய்ய? இந்தக் குளிரில் இந்த மான்களோடு நிற்கிறவர்கள் யாரிடம் கூலி வாங்குகிறார்கள் என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வி புரியவில்லை. திருப்பிக் கேட்டேன். "கூலியா? அவர்களுடைய மான்கள்தானே" என்றான். அப்போது இருந்த எரிச்சலில் அது என் காதில் விழுந்ததோடு சரி.

அப்பா போனில் கேட்டார். "கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். என் மக ஆளில்லாத மானைப் பிடிச்சுட்டு வாரா என்று.

ஊருக்கு வந்து, டவுனில் கல்யாண ஆல்பம் போடும் கலர் லேப்பில் படத்தைக் கொடுத்தேன். மறுநாள் போனால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்தவர் சந்தோஷமாகச் சொன்னார். "காது கிழிஞ்சிருந்துச்சு மேடம், சரி பண்ணிட்டேன். மூஞ்சியும் கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிருக்கேன்."

கல்யாணப் பெண்ணின் முகப்பருவை எடுக்கிற கை அது, சும்மா இருக்குமா? உங்களை யார் கேட்டது என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. முழுக் காதோடு அந்த மான் என்னைப் பார்த்தது. யாருடையதும் இல்லாத மான். இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? பொய்தான், ஆனால் அப்பா கேட்ட ஒரே பொருள். யோசிக்க யோசிக்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில், வெட்டு இருக்கிறதையும் ஒன்று போடுங்கள் என்றேன். இரண்டையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போவதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று வண்டியைக் கிளப்பினேன். கோச்சடை வந்தது, முடிவு வரவில்லை.

செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா சுருளை வாங்கிப் பிரித்துவிட்டார். இரண்டு மான்களும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. குனிந்து ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார்.

"இதுல காது வெட்டிருக்கு, அதுல வெட்டல. எது நெசம்?"

வெட்டியதைக் காட்டினேன்.

"அப்ப ஆளு இருக்கான்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இருக்காங்கப்பா. எனக்குத் தெரியாமப் போச்சு."

"எவன் அவன்?"

"மேய்க்கிறவங்கதான்."

"மேய்க்கிறவன் சரி. சொந்தக்காரன் யாரு?"

"அவங்கதாம்ப்பா. ரெண்டும் ஒரே ஆளுதான்."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனோ என்று பார்க்கிற பார்வை. "கூலிக்கு இல்ல?"

"இல்ல. அவங்க மானு, அவங்களே மேய்க்கிறாங்க."

"நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்ப்பா."

"அப்ப இந்த வெட்டு?"

"மேய்க்கிறவங்க அடையாளம். ஆளுக்கு ஒண்ணாம். சின்னப் புள்ளைகளுக்குக்கூடத் தனி வெட்டு உண்டாம்."

முழுக் காது மானை ஓரமாகத் தள்ளிவிட்டார். மற்ற மானின் காதில் விரலை வைத்து, அந்த வெட்டின் ஓரமாகவே நகர்த்திக்கொண்டிருந்தார். சந்தோஷமா, வருத்தமா, என் மேல் கோபமா, ஒரு இழவும் எனக்குப் பிடிபடவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் விளையாட்டாக ஒன்றைக் கேட்டு வைத்தேன்.

"நமக்குன்னு ஆடு இருந்திருந்தா நீ எப்படிப்பா வெட்டிருப்ப?"

யோசிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"எடது காதுல நுனி. வலது காதுல கீழாப்புல ரெண்டு. சுத்துப்பட்டுல எவனுக்கும் அந்த வெட்டு கெடையாது தாயி. நல்லாப் பாத்துத்தான் வச்சிருந்தேன்."