தன் காலை மட்டும் நம்பிய சுப்பையா அண்ணன்

சுப்பையா அண்ணன் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் கலா போனில் சொன்னபோது, "யாரம்மா சொன்னது?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"நாந்தான் சொல்றேன் சித்தப்பா. அப்பா பக்கத்துலதான் நிக்கிறேன்."

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்துட்டாரு."

"வேற டாக்டர்?"

அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா மாதிரியே கேக்குறீங்க" என்றாள். சிரித்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். அப்போதுதான் நானும் நம்பினேன்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வத்தேகமவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு, வாடகைக்கு ஆள் ஏற்றுகிற ஹயர் ஜீப் ஓட்டியவர் அவர். ஜீப் மடவளை முதலாளி ஒருவருக்குச் சொந்தம். தோட்டத்துக்கு வேறு வண்டி ஏறாத காலம். வலி கண்ட பெண்களும் காய்ச்சல்கண்ட பிள்ளைகளும் அந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்குவார்கள். நான் கட்டுகஸ்தோட்டையில் டயர் கடையில் வேலை செய்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதினாளா என்று திரும்பத் திரும்ப வாசிக்க வைத்திருக்கிறேன். அண்ணனோடு பழகியவர்களுக்கு அந்தப் புத்தி ஒட்டிக்கொள்ளும்.

அவர் யாரையும் நம்பியதில்லை. நான் நட்டு இறுக்கினால், பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பார். நான் நகர்ந்ததும் தானும் ஒருமுறை இறுக்குவார். ஜீப்பை நிறுத்திவிட்டுப் போகும்போது சில்லில் காற்று மூடிக்குக் குறுக்கே சோக்கால் கோடு போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து கோட்டைப் பார்த்தபிறகுதான் சாவியைப் போடுவார்.

"என்ன அண்ணே, ஒங்க ஜீப்ப எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தூக்கிட்டுப் போனா தெரிஞ்சிரும் மருத. தொட்டுட்டுப் போனாத்தான் தெரியாது" என்றார்.

ஆனால் குடி என்பது அவரிடம் கிடையாது. தீபாவளிக்குக்கூடத் தொடமாட்டார். கண்டி முழுவதும் தேடினாலும் அப்படி ஒரு ஹயர்க்காரர் அப்போது கிடைப்பது கஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி பெரிய டயர் கொண்டுவந்தார். காட்டுப் பாதையில் ஓடுகிற டயர். பல்லுப் பல்லாக, யானைக் கால் மாதிரி. தோட்டத்து ரோட்டில் கல்லும் பள்ளமும்தான், அடி தட்டாமல் ஏறட்டும் என்று நினைத்தார். பூட்டியது நான்தான். பார்க்க ஜீப் கம்பீரமாகத்தான் நின்றது. கல்லு ரோட்டில் கம்பீரமாகவே ஏறியது. தார் ரோட்டுக்கு வந்தபிறகுதான் வினை. மடவளை தாண்டிச் சற்று நேரான இடத்தில் ஜீப் தன் இஷ்டத்துக்கு வலது பக்கம் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடது பக்கம் ஓடும். எதிரே லொறி வந்தால் உள்ளே இருக்கிற பெண்கள் சாமி பேரைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

அண்ணன் முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். பிறகு செய்வினை என்று சந்தேகப்பட்டு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். பிறகு யாரோ காற்றை இறக்கிவிடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். ஆனால் சோக்குக் கோடு அழியாமல் அப்படியே இருந்தது.

இதற்குள் ஒருநாள் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஜீப் ஒரு ஆட்டம் ஆடியது. எங்கள் ஆட்களுக்குத் தமிழ்ப் பேரைச் சொல்லவே பயமாக இருந்த சண்டைக் காலம் அது. காவலுக்கு நின்ற ஆமிக்காரர் துவக்கை எடுத்துவிட்டார். அண்ணனை இறக்கி, "பீலாத?" என்று சிங்களத்தில் கேட்டார். குடித்திருக்கிறாயா என்று அர்த்தம். ரோட்டில் நேராக நடந்து காட்டச் சொன்னார். ஜீப் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க அண்ணன் நடந்து காட்டினார். போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கே தோட்டம் முழுவதும் கதை பரவிவிட்டது. சுப்பையா ஒளித்துக் குடிக்கிறார், அதனால்தான் வண்டி ஆடுகிறது என்றார்கள். அவரும் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர்தானே. ஊர் திருப்பிச் சந்தேகப்பட்டது.

அப்போது கலாவுக்கு நாவலப்பிட்டியில் ஒரு இடம் பேசிமுடித்து, பாக்கு வெற்றிலை மாற்ற நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கருப்பண்ணன் பஸ் ஓட்டுகிறவர். கதை அவர் காதுக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே எங்கள் கடைக்கு வந்து, ஜீப்போடு நின்ற அண்ணனிடம் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "கோவிக்காதீங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டுற வீட்டுல எங்களுக்குப் பொண்ணு வேணாம்."

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாவியை நீட்டினார்.

"நீங்க பஸ்சு ஓட்டுறவரு. நீங்களே ஓட்டுங்க. ஆனா ஓட்ட முன்ன ஒரு சத்தியம் பண்ணணும், நீங்க குடிக்கலன்னு."

"என்னைய சந்தேகப்படுறீங்களா?"

"எல்லாரையுந்தான்."

கருப்பண்ணன் வீராப்பாக ஏறினார். அண்ணன் பக்கத்தில் இருந்தார், நான் பின்னால் இருந்தேன். மாத்தளை ரோட்டில் நேரான இடம் வந்ததும் ஜீப் ஆட ஆரம்பித்தது. கருப்பண்ணன் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். வலது பக்கம் போனதை இழுத்தால் இடது பக்கம் ஓடை. ஓடையிலிருந்து இழுத்தால் எதிரே பஸ். அவருக்கு வேர்த்துவிட்டது. ரோட்டோரம் பழம் விற்ற ஒரு முஸ்லிம் பெடியன் கருப்பண்ணனைப் பார்த்துக் கையைத் தட்டி, "என்ன நானா, வெள்ளனவே போட்டுட்டீங்களா?" என்று கத்தினான்.

அண்ணன் சிரிக்கவில்லை. "கேட்டுச்சா சம்மந்தி?" என்றார். அவ்வளவுதான்.

கருப்பண்ணன் ஜீப்பை ஓரத்தில் நிறுத்தி, கைக்குட்டையால் முகம் துடைத்தார். "சம்மந்தி, காத்து பாத்தீங்களா?"

"பாத்தேனே." அண்ணன் இறங்கி டயரை ஒரு உதை உதைத்தார். டொம் என்று கேட்டது. "கல்லு மாதிரி இருக்கு."

இங்கேதான் விஷயம். தோட்டத்து ரோட்டில் கல்லைப் பிடித்து ஏறட்டும், வலிகண்ட பெண்களுக்குக் குலுங்காமல் இருக்கட்டும் என்று அண்ணன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். வத்தேகமவில் மறுபடி ஏற்றுவார். எவ்வளவு போதும் என்பதைக் காலால் உதைத்துத்தான் பார்ப்பார். பழைய டயருக்கு அந்த உதை சரி. இந்த யானைக் கால் டயருக்குப் பக்கமெல்லாம் தடிப்பு. அரைக் காற்று இருந்தாலும் நிறைந்த சத்தம்தான் கொடுக்கும்.

கடைக்கு வந்து நான் காற்று அளக்கிற மீட்டரை வைத்தேன். குறைவு. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் வேறு.

"ஒன் மீட்டர் பொய் சொல்லுது" என்றார் அண்ணன்.

பக்கத்துக் கடை மீட்டரை வாங்கிவந்தேன். அதுவும் அதையே காட்டியது. அண்ணன் என்னை நம்பாமல் பாலத்தடிக்குத் தானே நடந்துபோய், எனக்கு ஆகாத ஒரு ஆளிடம் இன்னொன்று வாங்கிவந்தார். அதுவும் அதையே காட்டியது. அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமா இது ஒண்ணத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கருப்பண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க காலு மாதிரியே என் நாக்கும் தப்பாச் சொல்லிருச்சு. நான் சொன்னத மறந்துருங்க" என்று கும்பிட்டார்.

காற்றைச் சரியாக ஏற்றி, தேய்ந்திருந்த ஸ்டியரிங் மூட்டுகளை மாற்றி, முன் சில்லுகளை நேர்படுத்தினோம். டயரின் பாரம்தான் மூட்டுகளைத் தின்றிருந்தது. அதன்பிறகும் கொஞ்சம் ஆடத்தான் செய்தது. பல்லு டயர் தார் ரோட்டில் அப்படித்தான். அண்ணன் மெதுவாக ஓட்டினார். முதலாளி பிறகு சின்ன டயருக்கே மாறிவிட்டார். பாக்கு வெற்றிலை குறித்த நாளிலேயே மாற்றினார்கள். கல்யாணப் பந்தலில் அண்ணன் கருப்பண்ணனைக் காட்டி, "மருத, இந்தாளு மனசு மாறினாரா, மாறின மாதிரி நடிக்கிறாரான்னு பாத்துக்க" என்று என் காதில் சொன்னது எனக்கு மட்டும் தெரியும்.

அண்ணனை எடுக்கிற அன்று தோட்டத்துக்குப் போனேன். எங்கள் பக்கம் இழவு வீட்டில் தூக்குகிறவர்களுக்கும் தப்படிக்கிறவர்களுக்கும் சாராயப் போத்தல் வைப்பது வழமை. அது இல்லாமல் பாடை நகராது. அன்றைக்குப் போத்தலே இல்லை. மருமகன்தான் வேண்டாம் என்றாராம். தப்பு வெறும் தேத்தண்ணீரில் முழங்கியது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தோள் கொடுத்த ஆள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் போய், காதில் ஏதோ சொல்வதுபோல நின்று மோந்து பார்த்தேன். தப்படித்த பெரியவரையும் விடவில்லை. ஒருவரிடமும் வாடை இல்லை. தேயிலை நடுவே, ஈரமான அந்தக் கல்லுப் பாதையில், அவர்கள் ஒரு அடிகூடத் தடுமாறாமல் அவரைக் கொண்டுபோனார்கள்.

நல்லாப் பாத்துட்டேன் அண்ணே. நீங்க நம்பிப் போகலாம்.