ஆறு பாகத்தில் நின்ற மீன்

லெமான் ஏரியில் பெர்ஷ் என்றொரு வரி மீன் உண்டு. வைகாசியில் அது கரையோரம் முட்டையிடும். அப்போது பிடிக்கத் தடை. ஆனி மாதத்து விடியலில் பாசிப் படுக்கையின்மேல் இரை தேடும். ஆடி வெயிலில் எங்கே போய் ஒளிகிறது என்பதுதான் எனக்கும் சித்தப்பாவுக்கும் விளங்கவில்லை. எனக்கு அது விடுகதை. அவருக்கோ நாள் போதவில்லை.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்த வருடங்கள் அவை. சித்தப்பாவின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து, அடுத்த கிழமை அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். "சித்தப்பா ஊருக்குப் போறார்" என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏரிக்கு அருகே ரெனானில் எங்கள் வரவேற்பறையில் மூன்று வருடம் படுத்து அம்மாவின் கையால் சாப்பிட்டவர், போவதற்குள் தான் பிடித்த மீனை அண்ணிக்கு ஒருநேரமாவது சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று நின்றார்.

"கடையில மீன் இல்லையோடா?" என்று அப்பா சிரித்தார்.

"அது கடைக்காரன்ர மீன், அண்ணை."

கடைசிச் சனிக்கிழமை விடிய, கீழ்வீட்டுப் போர்த்துக்கேயரின் சிறு படகில் போனோம். வழக்கம்போல் பாசிக்குமேல் தூண்டில் போட்டார். ஒன்றுமில்லை. எனக்குப் புழுங்கியது; படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினேன். நெஞ்சுக்குச் சூடு, காலுக்குக் குளிர். ஏன் இப்படி என்று கேட்டேன்.

சித்தப்பா என்னையே பார்த்தார். "எட, அப்ப மீனும் குளிர் பாத்துக் கீழதான் நிக்கும். ஏறு, ஏறு!"

படகை ஆழத்துக்கு வலித்தார். இரு கை விரித்தால் ஒரு பாகம்; பாகத்துக்கு ஒரு பொட்டாக நூலில் அம்மாவின் நகப்பூச்சைத் தடவி வைத்திருந்தார். ஈயக்குண்டு இறங்க இறங்க நான் பொட்டுகளை எண்ணினேன். ஆறாவது பொட்டில் நூல் துடித்தது. சின்னதுகளைத் திரும்ப விட்டோம். வாளியில் மிஞ்சியவை பதினொன்று. அப்பா இன்றும் பத்து என்கிறார். எண்ணியவன் நான்.

வீட்டு வாசலில் அம்மா ஈரத் தலையோடு நின்றாள்.

"அங்கயே நில்லுங்கோ! இண்டைக்கு நல்லூர்க் கொடி. வீடெல்லாம் கழுவிப்போட்டன்."

"நாளைக்கெல்லோ அண்ணி?"

"ரேடியோவில மேளம் கேக்கேல்லையே?"

நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் திருவிழா முடியும்வரை இருபத்தைந்து நாள் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீனும் முட்டையும் வாசற்படி தாண்டாது. "அதுக்குள்ள இவன்..." என்று தொடங்கிய அப்பா, என்னைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அம்மா உள்ளே போய், மிளகாய்த்தூளும் மஞ்சளும் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் நீட்டினாள். அவர் வாளியோடு கீழ்வீட்டுக்கு இறங்கிப்போனார்.

கொஞ்ச நேரத்தில் பொரியல் மணம் எழும்பியது. யன்னலைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அம்மா பல்கனிக்குப் போய்க் கம்பியில் சாய்ந்து நின்றாள். கீழ்ப் பல்கனியில் சித்தப்பா மீன் பொரித்த தாச்சியோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உப்புக் காணுமோ அண்ணி?"

அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "அளவாய் இருக்கு."

மணத்தில் உப்புத் தெரியாது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. நான் சொன்னது கேட்கவில்லையாக்கும் என்று, இன்னும் உரத்து ஒருமுறை சொன்னேன்.